மலை ரோட்டுக்கு தாரா கான்கிரீட்டா? டெண்டர்லயே போட்டி வச்சு முடிவு பண்றது எப்படி

நம்ம பக்கம் ஒரு ரோடு போடணும்னா அது தார் ரோடா கான்கிரீட் ரோடாங்கறது எஸ்டிமேட் எழுதும்போதே முடிவாயிடுது. அப்புறம் டெண்டர் விட்டா கான்ட்ராக்டருங்க ரேட் மட்டும்தான் போடுவாங்க, ரோட்டோட வகைய பத்தி அங்க பேச்சே இருக்காது. ஆனா இதுக்கு இன்னொரு வழி இருக்குங்க. ரெண்டு வகைக்கும் டிசைன் பண்ணி ரெண்டையும் ஒரே டெண்டர்ல வச்சு, உங்களுக்கு எது வசதியோ அதுக்கு ரேட் போடுங்கன்னு விட்டுட்டு, இன்னிக்கு ஆகுற செலவோட பின்னாடி வரப்போற பராமரிப்பு செலவையும் சேத்து எது கம்மியோ அதுக்கு வேலைய குடுக்கறது. அமெரிக்காவுல இதுக்கு ஆல்டர்னேட் பிட்டிங்னு பேரு. மிசௌரி, லூசியானா மாதிரி மாநிலங்கள் இத வருஷக்கணக்கா பண்ணிட்டு வருது, அங்க இருக்குற மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 1990ல புது டெண்டர் முறைகள சோதிக்கறதுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு அதுல இதையும் பாத்துட்டு, 2012 டிசம்பர்ல இதுக்குன்னே தனியா ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க.

அத அப்படியே தூக்கிட்டு வந்து கோத்தகிரியிலயோ தாண்டிக்குடியிலயோ வைக்க முடியாது, மலைக்குன்னு சில விஷயம் இருக்கு. ஊராட்சித் தலைவர்கள், கவுன்சிலர்கள், புதுசா வேலைக்கு சேந்திருக்குற ஏஇ, ஜேஇ இன்ஜினியர் தம்பி தங்கச்சிங்க இவங்கள மனசுல வச்சுதான் எழுதறேன். ஏன்னா எல்1னு நாம சொல்றது இன்னிக்கு குறைஞ்ச ரேட்டு, அவ்வளவுதான். அந்த ரோட்டுக்கு அடுத்த 20 வருஷம் ஊரு எவ்வளவு செலவு பண்ணப்போகுதுங்கறது அதுல எங்கயுமே வராது.

மொதல்ல ரோட்ட துண்டு துண்டா பிரிங்க

6 கிலோமீட்டர் ரோடுன்னா 6 கிலோமீட்டரும் ஒரே மாதிரி நிலம் கிடையாது. ஜீப்ல போனா இது தெரியாது, நடந்து போகணும், அதுவும் நல்லா மழை பேஞ்சு விட்ட மறுநாள் காலையில போகணும். எங்க மேல் சரிவுல இருந்து ஊத்து கசியுது, எங்க பாறைய வெட்டி ரோடு போயிருக்கு, எங்க பள்ளத்து பக்கம் மண்ண கொட்டி அகலப்படுத்தியிருக்கு, எந்த கல்வெர்ட்டு அடைச்சுகிட்டு தண்ணி ரோட்டுமேல ஓடுதுன்னு சங்கிலி அளவோட (ரோடு ஆரம்பிக்கற இடத்துல இருந்து எத்தன மீட்டர்னு) குறிச்சுக்கோங்க.

மண்ணு கொட்டி அகலப்படுத்துன பள்ளத்து ஓரம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அங்க கான்கிரீட் போட்டா கீழ மண்ணு இறங்கினாலும் ஸ்லாப் உடனே இறங்காது, அடியில காலியாகி மேல பாக்க நல்லா இருக்குற மாதிரியே இருக்கும், ஒரு நாள் லோடு லாரி ஏறும்போது உடையும். தார் ரோடு அப்படி இல்ல, மண்ணு இறங்குனா கூடவே இறங்கி பள்ளத்த காட்டிடும், நாம ரொப்பிக்கலாம். மரப்பாலம் பக்கம் 1993ல நடந்த மண்சரிவு, 2009 நவம்பர்ல நீலகிரி முழுக்க நடந்த சரிவுகள், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பேஞ்சது, இதெல்லாம் பாத்த ஊருங்க நம்மளுது. சரியுற இடம்னு தெரிஞ்ச துண்டுல வகைய டெண்டருக்கு விடவே கூடாது, அங்க தடுப்புச்சுவரும் வடிகாலும்தான் முதல் வேலை, அதுக்கு மேல தார். இத இன்ஜினியர் நேரடியா முடிவு பண்ணிடணும்.

கொண்டை ஊசி வளைவு இதுக்கு நேர் எதிர். பஸ்ஸும் லாரியும் பிரேக்க மிதிச்சுகிட்டு முழு ஸ்டீயரிங்க திருப்புற இடம், தார்க்கலவை அங்க நழுவி அலை அலையா சுருங்கும், மேலருந்து வர்ற தண்ணியும் அங்கதான் ரோட்ட குறுக்க வெட்டிகிட்டு போகும். மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்ல 14 கொண்டை ஊசி, கல்லட்டி ரோட்ல 36, ஒவ்வொன்னும் ஒரு மாதிரி. அடிமண்ணு கெட்டியா இருந்தா வளைவுக்கு மட்டும் கான்கிரீட்னு நேரா எழுதிடலாம், மேல பிரஷ் இழுத்து சொரசொரப்பா முடிக்கணும்னு கண்டிப்பா சேருங்க, பனிமூட்டத்துல வழவழப்பான கான்கிரீட்ல பைக்கு நிக்காது. கடைவீதி, பஸ் ஸ்டாண்டு பக்கம் அடியில குடிதண்ணி பைப்பு இருக்குற இடத்துக்கு பேவர் பிளாக் நல்லது, பைப்பு உடைஞ்சா கல்ல எடுத்துட்டு வேலைய முடிச்சு திரும்ப அடுக்கிடலாம். அதுக்கு ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், ரோட்டு வேலைக்கு விதிப்புத்தகம் போடற அமைப்பு) எஸ்பி 63ங்கற புத்தகம் இருக்கு.

இப்படி கழிச்சது போக மிச்சம் இருக்குற துண்டுதான் போட்டிக்கு. அடிமண்ணு உறுதியா இருக்கணும், தொடர்ச்சியா கொஞ்ச நீளம் இருக்கணும், ரெண்டு வகையும் அங்க நியாயமா நிக்கணும். அப்படி ஒரு கிலோமீட்டர் கூட தேறலன்னா இந்த முறை அந்த ரோட்டுக்கு வேண்டாம், வழக்கமான டெண்டரே போதும்.

ரெண்டு டிசைனும் ஒரே அளவு உழைக்கணும்

நான் பாத்த வரைக்கும் அதிகமா தப்பு நடக்குற இடம் இதுதான். தாருக்கு ஐஆர்சி 37 (2018), கான்கிரீட்டுக்கு ஐஆர்சி 58 (2015), வண்டி கம்மியா போற கிராமத்து ரோடுன்னா தாருக்கு எஸ்பி 72, கான்கிரீட்டுக்கு எஸ்பி 62. புத்தகம் வேற வேற, அதுல சொல்ற ஆயுசும் வேற வேற. ஐஆர்சி 37ல நேஷனல் ஹைவே, ஸ்டேட் ஹைவேக்கு 20 வருஷம், மத்த ரோட்டுக்கு 15. ஐஆர்சி 58 கான்கிரீட்டுக்கு பொதுவா 30 வருஷம்னு எடுக்குது. 15 வருஷத்து தாரையும் 30 வருஷத்து கான்கிரீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரேட் கேட்டா அது போட்டியே இல்ல. ஒரே காலத்த ரெண்டுக்கும் எடுங்க, 20னா 20, அந்த 20 வருஷத்துக்குள்ள எந்த வருஷம் என்ன ரிப்பேர் பண்ணணும்ங்கறது ரெண்டுக்கும் தனித்தனியா எழுதுங்க, 20 முடியும்போது கான்கிரீட்ல இன்னும் ஆயுசு மிச்சம் இருந்தா அதுக்கு ஒரு மதிப்ப கழிச்சு காட்டுங்க.

டிராஃபிக் கணக்குல ஒரு விஷயம். 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததால எவ்வளவு கார் ஏறுதுன்னு நம்பர் சுலபமா கிடைக்குது, ஆனா அந்த நம்பர வச்சு ரோட்டோட தடிமன முடிவு பண்ணக்கூடாது. அச்சுல வர்ற எடை கூடக்கூட ரோட்டுக்கு ஆகுற சேதம் ஏறக்குறைய நாலாவது அடுக்குல ஏறும், அதாவது எடை ரெண்டு மடங்குன்னா சேதம் 16 மடங்கு. சீசன்ல வர்ற கார் கூட்டத்த விட கேரட்டு உருளக்கிழங்கு லோடு லாரி, தேயிலை லாரி, மரம் ஏத்துற லாரி, பஸ் இவைதான் ரோட்ட தின்னுது. ஐஆர்சி 37ல ஒரு நாளைக்கு 150ல இருந்து 1500 வணிக வாகனம் போற ரோட்டுக்கு வண்டி சேத காரணி (ஒரு வண்டி சராசரியா ரோட்டுக்கு எவ்வளவு சேதம் பண்ணுதுங்கற எண்) சமவெளியில 3.9, மலையில 1.7னு உத்தேசமா குடுத்திருக்கு. ஆனா உங்க ரோட்ல ஜல்லி லாரி ஓடுச்சுன்னா அந்த 1.7ஐ கண்ண மூடிட்டு எடுக்காதீங்க, அச்சு எடை சர்வே எடுத்துருங்க. இதுல தப்பினா ரெண்டு டிசைனுமே மெலிசா போயிடும், போட்டி நல்லா நடந்தும் ரோடு நிக்காது.

முடிஞ்ச ரோட்டு மட்டம் ரெண்டுக்கும் ஒன்னா இருக்கணும். தார் அடுக்கும் கான்கிரீட் அடுக்கும் மொத்த கனத்துல வித்தியாசப்படும், அத கீழ அடிமண்ண வெட்டறதுல சரி பண்ணிக்கோங்க, மேல மட்டம் மாறுச்சுன்னா வடிகால், கைப்பிடிச்சுவர், வீட்டு வாசல் எல்லாம் மாறிடும். பக்கவாட்டு வடிகால், கல்வெர்ட்டு, தடுப்புச்சுவர், கிராஷ் பேரியர் எல்லாத்தையும் பொது பாகமா ஒரே பிஓக்யூல (வேலை, அளவு, ரேட் எழுதுற பட்டியல்) வைங்க, தாருக்கு ஒரு பிஓக்யூ கான்கிரீட்டுக்கு ஒரு பிஓக்யூ தனி. கான்ட்ராக்டர் பொது பாகமும் ரெண்டுல ஒன்னும் நிரப்பணும், விருப்பம் இருந்தா ரெண்டுக்குமே போடலாம். கான்கிரீட்டுக்கு வடிகால் வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஜாயிண்டு வழியா தண்ணி இறங்கி அடியில இருக்குற மண்ண பம்ப் பண்ணி வெளிய தள்ளிடும், செம்மண்ணு பூமியில இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சி கணக்கு

கான்ட்ராக்டர் போடுற ரேட்ட ஏ-ன்னு வச்சுக்கோங்க. பின்னாடி வரப்போற பராமரிப்பு செலவுல ரெண்டு வகைக்கும் இருக்குற வித்தியாசத்த இன்னிக்கு மதிப்புக்கு கொண்டுவந்தா அதுதான் சி. எந்த வகைக்கு பின்செலவு ஜாஸ்தியோ அந்த வகையில வர்ற ஒவ்வொரு டெண்டரோடயும் சி-ய கூட்டி ஒப்பிடணும். மிசௌரியில தார் டெண்டரோட கூட்டுறாங்க, லூசியானாவுல வேலை முடிக்கற நாளுக்கும் ஒரு மதிப்பு போட்டு அதையும் சேக்கறாங்க. இந்த சி காசு யாருக்கும் போறதில்லங்க, ஒப்பிடறதுக்கு மட்டும்தான், ஜெயிச்சவருக்கு அவர் போட்ட ஏ தான் கிடைக்கும். கிராம சபையில இத தெளிவா சொல்லிடுங்க, இல்லேன்னா தேவையில்லாத சந்தேகம் வரும்.

கணக்கு புரியறதுக்காக நானே போட்ட எண்கள் இதெல்லாம், எந்த ரோட்டோடதும் இல்ல. தார்ல குறைஞ்ச டெண்டர் 6 கோடி, கான்கிரீட்ல குறைஞ்ச டெண்டர் 7 கோடி 10 லட்சம். தாருக்கு 5, 10, 15வது வருஷம் மேல ஒரு அடுக்கு, ஒவ்வொரு தடவையும் 1 கோடி 20 லட்சம். கான்கிரீட்டுக்கு அதே வருஷங்கள்ல ஜாயிண்டு அடைக்கறதுக்கு 8 லட்சம். நம்ம நாட்டு ரோடு பொருளாதாரக் கணக்குல வழக்கமா எடுக்குற 12 சதவீத தள்ளுபடி விகிதம் (பின்னாடி ஆகுற செலவ இன்னிக்கு மதிப்புக்கு குறைச்சுக் காட்டற விகிதம்) போட்டா 5வது வருஷத்து 1 ரூபாய்க்கு இன்னிக்கு மதிப்பு 56.7 பைசா, 10வது வருஷம் 32.2, 15வது வருஷம் 18.3. மூணையும் கூட்டினா 1.072. தாரோட பின்செலவு 1 கோடி 28.6 லட்சம், கான்கிரீட்டோடது 8.6 லட்சம், ஆக சி 1 கோடி 20 லட்சம். தார் 6 கோடியோட இத கூட்டினா 7 கோடி 20 லட்சம், கான்கிரீட் 7 கோடி 10 லட்சம். கான்கிரீட் 10 லட்சத்துல ஜெயிக்குது. (கான்கிரீட்டோட மிச்ச ஆயுசு மதிப்ப இதுல சேக்கல, கணக்கு நீளும்னு விட்டுட்டேன், நீங்க விடாதீங்க.)

இப்போ ஒரே ஒரு எண்ண மாத்திப் பாருங்க. 5 வருஷத்துக்கு ஒரு தடவைக்கு பதிலா 7வது வருஷம், 14வது வருஷம்னு ரெண்டே தடவை தார் அடுக்கு போட்டா போதும்னு எழுதுங்க. சி சுமார் 70 லட்சமா இறங்கிடும், தார் 6 கோடி 70 லட்சத்துல சுலபமா ஜெயிச்சிடும். திரும்ப 5 வருஷத்துக்கே வந்து தள்ளுபடி விகிதத்த 12ல இருந்து 6 ஆக்குங்க, சி 1 கோடி 93 லட்சம் ஆயிடும், தார் பக்கத்துலயே வர முடியாது. அப்போ டெண்டர் திறக்குறதுக்கு முன்னாடியே யார் ஜெயிப்பாங்கறத பாதி முடிவு பண்றது இந்த ரெண்டு எண்தான். அதனாலதான் சி-ய யாரோ ஒருத்தர் ரூம்ல உக்காந்து எழுதக்கூடாது.

எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ மேல அடுக்கு தேவைப்படுதுங்கறத புத்தகத்துல தேடாதீங்க, நம்ம கோட்ட அலுவலகத்து ரிஜிஸ்டர்ல தேடுங்க. அதே மலையில, அதே மழையில இருக்குற ரோடுங்க கடைசியா எப்போ போட்டாங்க, அதுக்கு முன்னாடி எப்போன்னு பாருங்க. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழை போட்டு அடிக்கும், குன்னூர், பர்லியார், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை, கொடைக்கானல்ல பெருமாள்மலைக்கு கீழ ஒரு மாதிரி பூம்பாறை மன்னவனூர் பக்கம் ஒரு மாதிரி. ஒரே எண்ண எல்லா ரோட்டுக்கும் எடுத்தா தப்பாயிடும். பணம் இல்லாம தள்ளிப் போட்டதையும் நல்லா இருந்ததால போடாததையும் பிரிச்சுப் பாருங்க, குண்டும் குழியுமா 9 வருஷம் கிடந்த ரோட்ட 9 வருஷம் உழைச்ச ரோடுன்னு எழுதக்கூடாது.

இன்னொன்னு, பழைய அடுக்க சுரண்டி எடுக்காம அதுக்குமேல புது அடுக்கு போடக்கூடாதுன்னு 2021ல அப்போ தலைமைச் செயலரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டாரு. ரோட்டு மட்டம் ஏறி வீட்டுக்குள்ள தண்ணி வர்றத தடுக்க அது ரொம்ப அவசியமான உத்தரவு. அப்போ வருங்கால தார் அடுக்குக்கு மில்லிங் (பழைய அடுக்க சுரண்டற) செலவையும், அந்த மெஷின மலைக்கு ஏத்தி இறக்குற செலவையும் சேத்துதான் சி-யில போடணும்.

கான்கிரீட் பக்கமும் மறைக்காம எழுதுங்க. போட்டு 28 நாள் வண்டி விடக்கூடாதுங்கறதுதான் பொதுவான விதி. குன்னூர் ரோட்ட மூடினா கோத்தகிரி வழி இருக்கு, வத்தலக்குண்டு ரோட்ட மூடினா பழனி வழி இருக்கு, ஆனா ஒரே வழி உள்ள கிராமத்துக்கு என்ன பண்ணுவீங்க? பாதி அகலம் போட்டு பாதி விடணும், அதுக்கு ரோடு அகலம் போதுமா, ஆம்புலன்ஸ் போகுமா? அந்த அலைச்சலுக்கும் ஒரு செலவு உண்டு. அத சி-யில சேக்கறதா வேண்டாமாங்கறத முன்னாடியே முடிவு பண்ணி எழுதிடணும், டெண்டர் திறந்த பிறகு சேக்கக்கூடாது.

டெண்டர் பேப்பர்ல என்ன எழுதணும்

சட்டம் இதுக்கு இடம் குடுக்குதாங்கறதுதான் பலரும் கேக்கற கேள்வி. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம், 1998, டெண்டர் ஆவணத்துல சொன்ன, அளந்து பாக்கக்கூடிய காரணிகள வச்சு எது குறைஞ்சதோ அத ஏத்துக்கணும்னு சொல்லுது. சி-யும் அளக்கக்கூடிய எண்தான். அதனால சி எவ்வளவு, எந்த வகையோட கூட்டப்படும், எப்படி கணக்கு போட்டோம்ங்கறது முழுசா டெண்டர் ஆவணத்துலயே அச்சாகி வரணும். அப்படியும் மேலதிகாரி ஒப்புதலும் சட்ட ஆலோசனையும் வாங்கிட்டே இறங்குங்க, இங்க இது பழக்கமில்லாத முறை.

விலை ஏற்றத்தாழ்வு ஷரத்த கவனமா பாருங்க. தார் விலை ஏறினா வித்தியாசம் தருவோம், சிமெண்டுக்கு தர மாட்டோம்னு இருந்தா தார் கான்ட்ராக்டர் ரிஸ்க் இல்லாம ரேட் போடுவாரு, கான்கிரீட் கான்ட்ராக்டர் அந்த ரிஸ்க்கையும் ரேட்ல சேத்துதான் போடணும். ரெண்டுக்கும் குடுங்க, இல்ல ரெண்டுக்கும் எடுத்துடுங்க. குறைபாடு பொறுப்புக் காலமும் ரெண்டுக்கும் ஒரே வருஷம். வேலை எடுத்த பிறகு தார்ல இருந்து கான்கிரீட்டுக்கோ கான்கிரீட்ல இருந்து தாருக்கோ மாத்த அனுமதி கிடையாதுன்னு ஒரு வரி கண்டிப்பா போடுங்க, அந்த ஒரு வரி இல்லேன்னா மொத்த போட்டியும் வீண்.

தரத்துல மலைக்கான எண்கள எழுதுங்க. விஜி-30ங்கற சாதாரண ரக தார்க்கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்கு குறையக்கூடாது, ரோலர் ஓட்டி முடிக்கும்போது 90க்கு கீழ போயிருக்கக்கூடாது. அடிவாரத்துல பிளான்ட் வச்சு மேல ஏத்துனா கொண்டை ஊசில டிராஃபிக்ல நின்னே கலவை ஆறிடும், அதனால லாரிக்கு தார்ப்பாய், இறக்குற இடத்துல தெர்மாமீட்டர், ஆறின லோட திருப்பி அனுப்ப அதிகாரம், மூணும் வேணும். வெளிய காத்து 10 டிகிரிக்கு கீழ இருந்தா தார் போடக்கூடாது, மாடிஃபைட் (ரப்பர், பாலிமர் மாதிரி கலந்த) தாருக்கு 15. கான்கிரீட்டுக்கு 5. ஊட்டியில உறைபனி விழுற ஜனவரி காலையில ரெண்டுமே நடக்காது.

போட்டிக்கு ஆள் இருக்கா

சமவெளியில நாலுவழிச்சாலைக்கு ஓடுற பெரிய கான்கிரீட் பேவர் மெஷின் நம்ம வளைவுல திரும்பாது. இங்க சைடுல ஃபார்ம் கட்டி வைப்ரேட்டர் ஸ்கிரீடு (அதிர்ந்து சமப்படுத்தற பலகை) வச்சுதான் போடணும். அப்படி 4.5 மீட்டருக்கு ஒரு ஜாயிண்டு விட்டு, டவல் பார் (பக்கத்து பக்கத்து ஸ்லாப்ப இணைக்கற கம்பி) நேரா வச்சு, ஒழுங்கா கியூரிங் பண்ற அனுபவம் உள்ளவங்க எத்தன பேர் மலையேறி வருவாங்கன்னு முன்னாடியே விசாரிங்க. ப்ரீ-பிட் (டெண்டர் போடறதுக்கு முன்னாடி நடக்குற) கூட்டத்துக்கு ரெண்டு பக்க ஆளுங்களையும் கூப்பிடுங்க, சி கணக்க அங்கயே போர்டுல போட்டு காட்டுங்க, ஆட்சேபணை இருந்தா எழுத்துல வாங்கி எழுத்துல பதில் குடுத்து, திருத்தம் வேணும்னா திருத்தி வெளியிடுங்க. தகுதி நிபந்தனையில ரெண்டு வகை வேலையும் பண்ணியிருக்கணும்னு கேக்காதீங்க, அவங்கவங்க போடுற வகையில அனுபவம் இருந்தா போதும். ஒரு வகையில மட்டும்தான் டெண்டர் வரும்னு தெரிஞ்சா இந்த முறைய கைவிட்டுட்டு அந்த வகைக்கே நேரா டெண்டர் விடறது மேல்.

திறந்த அன்னிக்கு ஒவ்வொரு டெண்டருக்கும் ஏ, சி, கூட்டுத்தொகை மூணும் இருக்குற பட்டியல ஊராட்சி அலுவலகத்துலயும் ஒட்டுங்க, ஜனங்க பாக்கட்டும்.

எப்போ ஆரம்பிக்கணும்

ஜூன்ல இருந்து செப்டம்பர் தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வடகிழக்கு, ஜனவரில உறைபனி, ஏப்ரல் கடைசிலயும் மே முழுக்கவும் சீசன். நிம்மதியா ரோடு போட கிடைக்கறது பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் பாதி. அங்கிருந்து பின்னாடி எண்ணுங்க. 2 கோடிக்கு மேல உள்ள டெண்டருக்கு குறைஞ்சது 30 நாள் அவகாசம் குடுக்கணும், ரெண்டு டிசைன் இருக்கறதால 45 குடுக்கறது நல்லது. அதுக்கப்புறம் பரிசீலனை, ஒப்பந்தம், பொருள் ஏத்தறது. அப்படின்னா செப்டம்பர்ல டெண்டர் வெளிய வரணும், டிராஃபிக் சர்வேயும் மண் பரிசோதனையும் அதுக்கு முந்தின மே மாசத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும், சி கணக்கு ஜூலைல ரெடியாகி ஒப்புதலுக்கு போயிருக்கணும். மழையில நடந்து பாக்கற வேலைய மட்டும் அதுக்கும் முந்தின நவம்பர்லயே முடிச்சு வச்சுக்கோங்க.